காம்பொனென்ட் உயிருடன் இருக்கிறதா என்ற சோதனை போதுமா?

கேள்வி: ரியாக்ட்டில் (திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) எழுதிய எங்கள் செயலியில், பயனர் திரையை விட்டு வெளியேறிய பிறகும் சர்வரின் பதில் வந்து சேர்வதால், காம்பொனென்ட் (திரையின் ஒரு பகுதியை வரையும் குறியீட்டுத் துண்டு) இன்னும் திரையில் இருக்கிறதா என்று ‘ரெஃப்’ ஒன்றில் (மதிப்பை நினைவில் வைத்திருக்கும் பெட்டி) குறித்துவைத்து எல்லா இடங்களிலும் சோதிக்கிறோம். அப்படியும் வாடிக்கையாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், சில வேளைகளில் முன்பு தேர்ந்தெடுத்தவரின் விவரம் தோன்றுகிறது. சோதனைகளைக் கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் பிழை நேரும்போது காம்பொனென்ட் திரையில்தான் இருக்கிறது. மாறியது வாடிக்கையாளர் எண் மட்டுமே. முதல் கோரிக்கையின் பதில் தாமதமாகி, இரண்டாவதன் பதிலுக்குப் பின் வந்து அதை அழித்து எழுதுகிறது. ஆகவே உங்கள் சோதனை ‘இருக்கிறது’ என்று சரியாகவே சொல்லி, தவறான தரவை உள்ளே விடுகிறது.

கோரிக்கையின் ஆயுளைக் காம்பொனென்ட்டோடு அல்லாமல், அதைத் தொடங்கிய ‘எஃபெக்ட்’டோடு, அதாவது திரை வரையப்பட்ட பின் ஓடும் குறியீட்டோடு, கட்டிவிடுங்கள். எஃபெக்ட் திருப்பித் தரும் துப்புரவுச் செயற்கூறு, காம்பொனென்ட் நீங்கும்போது மட்டுமன்றி, சார்புப் பட்டியலில் (எஃபெக்ட் எந்த மதிப்புகளை நம்பியிருக்கிறது என்ற பட்டியல்) உள்ள மதிப்பு மாறி எஃபெக்ட் மறுபடி ஓடுவதற்கு முன்பும் இயங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எஃபெக்டுக்குள்ளேயே கோரிக்கையை ரத்து செய்ய உதவும் ‘அபார்ட்கன்ட்ரோலர்’ ஒன்றை உருவாக்கி, அதன் சிக்னலை, சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ‘ஃபெட்ச்’சிடம் கொடுத்து, துப்புரவில் ரத்து செய்தால் பழைய பதில் திரையைத் தொடாது. ரத்தான கோரிக்கை ‘அபார்ட்எரர்’ என்ற பிழையை எழுப்பும். அதைப் பயனருக்குக் காட்டாமல் விட்டுவிடுங்கள். தரவைச் சேமிக்கும் கோரிக்கைகளுக்கு மட்டும் இந்த வழியை நம்பாதீர்கள், ஏனெனில் உலாவி கைவிட்டாலும் சர்வர் அதற்குள் வேலையை முடித்திருக்கக்கூடும்.

நீங்கிய காம்பொனென்ட்டின் நிலையை (அது வைத்திருக்கும் தரவை) மாற்ற முயன்றால் முன்பு தோன்றிய எச்சரிக்கையை 2022இல் வெளியான ரியாக்ட் 18 நீக்கிவிட்டது. ஒருமுறை வந்து முடியும் பதிலால் பெரும்பாலும் நினைவகக் கசிவு (தேவை முடிந்த பின்னும் நினைவகம் விடுவிக்கப்படாதது) ஏற்படுவதில்லை. எச்சரிக்கையை அடக்க வைத்த, உங்கள் ரெஃப் போன்ற ‘இருக்கிறதா’ குறிப்புகளே குறியீட்டைக் கெடுத்தன. உண்மையில் கசிபவை நிறுத்தப்படாத டைமர்களும் நீக்கப்படாத ஈவென்ட் லிசனர்களும்தான் (சொடுக்கு போன்ற நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும் செயற்கூறுகள்). அவற்றைக் கண்டுபிடிக்க ரியாக்ட்டின் ‘ஸ்ட்ரிக்ட் மோட்’ என்ற சோதனை வசதி உதவும்: உருவாக்கச் சூழலில் அது எஃபெக்ட்டைத் தொடங்கி, துப்புரவு செய்து, மீண்டும் தொடங்குகிறது. இரட்டை ஓட்டம் எரிச்சலூட்டுகிறது என்று அதை அணைத்துவிடுபவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

வெற்று மதிப்புச் சோதனைகளை (தரவு இல்லாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பவை) சர்வரின் தரவு உள்ளே நுழையும் இடத்தில் கறாராக வையுங்கள். உள்ளடுக்குகளில் ‘இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடு’ என்று எழுதப்பட்ட வரிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எது உடைகிறதோ, அங்கேதான் ஆயுள் முடிந்த ஏதோவொன்றை யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.