கிரவுஸ் குறைந்த ஆண்டில் வேட்டைக்குப் போய்ப் பயன் உண்டா? எங்கே தேடுவது?

கேள்வி: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ரஃப்ட் கிரவுஸ் என்ற கோழி இனக் காட்டுப் பறவை ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் என்கிறார்கள். குறைந்த ஆண்டில் போவது வீண் அலைச்சலா? போனால் எந்தக் காட்டில் தேட வேண்டும்?

பதில்:

பயன் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. 2017 அக்டோபரில் நான் பட்ட அவமானம் அப்படி.

அதற்கு முன் ஒன்று. ‘உயிரைக் கொல்ல ஆலோசனை வேறா’ என்று எழுதக் கை துறுதுறுக்கிறவர்களுக்கு: இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி கவுதாரி பிடிப்பதுகூடக் குற்றம். அதை யாரும் மீறச் சொல்லவில்லை. இங்கே உரிமம் வாங்கி, இடுப்புக்கு மேல் பளிச்சென்ற ஆரஞ்சு உடை அணிந்து, நாளுக்கு ஐந்து என்ற வரம்புக்குள் சுடுவது சட்டத்துக்கு உட்பட்டது. சண்டை வேண்டுமானால் தனிக் கேள்வி போடுங்கள், வருகிறேன்.

நான் துப்பாக்கி எடுத்தது 2014இல். கிரவுஸ் எண்ணிக்கை ஏறுமுகத்தில் இருந்த காலம். அகலமான காட்டுப் பாதையில் கைவீசி நடந்தாலே அங்கொன்று இங்கொன்று எழும்பும். எனக்குத் திறமை இருப்பதாக நானே நம்பிவிட்டேன். நீங்களும் இப்போது அப்படிப் பாதையோடு நடக்கிறவராகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

2017இல் மாநில இயற்கைவளத் துறையின் வசந்தகாலக் கணக்கு வந்தது. ஆண் கிரவுஸ் விழுந்துகிடக்கும் மரத்தின் மேல் நின்று சிறகால் காற்றை அடிக்கும். தூரத்தில் பழைய டீசல் எஞ்சின் முக்கி முனகிக் கிளம்புவது போல முதலில் மெதுவாக, பிறகு கடகடவென்று கேட்கும். 1949 முதல் ஆட்கள் குறிப்பிட்ட சாலைகளில் போய், பத்து இடங்களில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் நான்கு நிமிடம் காது கொடுத்து இந்த முரசுச் சத்தத்தை எண்ணுகிறார்கள். 2013இல் ஒரு நிறுத்தத்துக்கு 0.9 ஆக இருந்தது அந்த ஆண்டு 2.1. எனக்குத் தலைகால் புரியவில்லை. மினியாபோலிஸில் இருந்த மதுரைத் தம்பி ஒருவரை அழைத்து, “கிளம்பி வாருங்கள், ஆளுக்கு ஐந்து உறுதி” என்று சொல்லிவிட்டேன். அவரும் மூன்று மணி நேரம் காரோட்டி வந்தார்.

கிராண்ட் ராபிட்ஸுக்கு வடக்கே ஒரு வாடகைக் குடில். முதல் நாள் பதினோரு மைல் நடந்தோம். ஒரே ஒரு பறவை எழும்பியது, அதுவும் நான் வேலியோரம் ஒதுங்கி நின்ற நேரத்தில். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “அண்ணே, அந்த ஐந்து எந்த ஊரில்?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவே அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

குடிலின் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டிய ஃபின்னிஷ் வம்சாவளிக்காரர், ஓய்வுபெற்ற மரவெட்டி. என் புள்ளிவிவரத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். வசந்தத்தில் முரசு அடிப்பது குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்த ஆண்கள். அக்டோபரில் நம் முன்னால் எழும்புபவற்றில் பெரும்பகுதி ஜூனில் பொரித்த குஞ்சுகள். நடுவில் குளிர்மழை பெய்து குஞ்சுகள் செத்தால் வசந்தக் கணக்கு எவ்வளவு இருந்தும் காடு காலிதான். எனக்கு உறைத்தது அப்போதுதான். அந்த ஆண்டு என்னைப் போலவே பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். மழை என்றார்கள், கொசு பரப்பும் வெஸ்ட் நைல் கிருமி என்றார்கள். 2018 முதல் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மூன்றும் சேர்ந்து வேட்டைக்காரர்களிடம் மாதிரிகள் வாங்கிச் சோதித்தன. கிருமி தாக்கியும் பிழைத்த பறவைகள் இருந்தது தெரிந்தது. நான் எந்தக் கட்சியும் இல்லை.

மறுநாள் அவரே கூட வந்தார். எந்தத் துண்டுக் காட்டை எந்த ஆண்டு வெட்டினார்கள் என்பது அவருக்கு விரல் நுனியில். இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. ஆஸ்பென் மரத்தை ஒட்ட வெட்டினால் வேரிலிருந்து ஆயிரக்கணக்கில் துளிர்க்கும். உள்ளூரில் அதை ‘பாப்பிள்’ என்பார்கள். வெட்டிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆன காட்டில் தண்டுகள் மணிக்கட்டுப் பருமனில், கிட்டத்தட்ட வேலி போல நெருக்கமாக நிற்கும். மேலிருந்து பருந்து பாய முடியாது. கீழே பறவை தாராளமாக நடக்கலாம். பக்கத்திலேயே முதிர்ந்த ஆஸ்பென் வேண்டும், ஆண் மரத்தின் பூமொட்டுதான் அதற்குக் குளிர்காலச் சோறு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கார்டன் கல்லியன் என்ற ஆய்வாளர் க்ளோகே ஆய்வுக்காட்டில் பல பத்தாண்டுகள் உழைத்துச் சொன்னதும் இதுதான். பல வயதுக் காடு அருகருகே இருக்க வேண்டும்.

பெருகிய ஆண்டில் பறவை சுமாரான காட்டிலும் வழிந்து நிற்கும். குறைந்த ஆண்டில் சுமாரான காடு முதலில் காலியாகும். மிச்சமிருப்பவை இந்த மாதிரி நல்ல இடத்தில்தான் ஒடுங்கும். நாங்கள் போனது இளம் பாப்பிளும் ஓடையோர ஆல்டர் புதரும் சேரும் விளிம்பு. ஐம்பது கெஜ அகலம் இருந்தால் அதிகம். நாய் இல்லாததால் கிழவர் இருபது அடி நடப்பார், கால் நிமிடம் சிலைபோல் நிற்பார். நடந்துகொண்டே இருந்தால் கிரவுஸ் நம்மைக் கடந்துபோக விட்டுவிடும். நின்றால்தான் அதற்குப் பதற்றம். ஒன்றரை மணி நேரத்தில் நான்கு எழும்பின. தம்பி ஒன்றைச் சுட்டார். நான் மூன்று தோட்டாவை ஆல்டருக்குச் சமர்ப்பித்தேன்.

கிழவர் செய்த அடுத்த காரியத்தை மறக்காதீர்கள். தம்பி சுட்ட பறவையின் தீனிப்பையை அங்கேயே கீறிப் பார்த்தார். குளோவர் இலையும் ஹேசல் புதரின் மொட்டுக்கதிரும் இருந்தன. இரண்டும் இருக்கும் இடம் எதுவோ அதுதான் அடுத்த நடை. வரைபடத்தைவிட இது உதவும்.

குறைவதற்கு வேட்டைக்காரன்தான் காரணமா என்று தம்பி கேட்டார். வடக்கே பனிமுயலும் இதே போல் பெருகிக் குறைகிறது. முயல் குறைந்ததும் பசித்த காஸ்ஹாக் வல்லூறும் கொம்பன் ஆந்தையும் தெற்கே இறங்கிக் கிரவுஸைப் பிடிக்கின்றன என்பது ஒரு விளக்கம். துப்பாக்கியே போகாத இடத்திலும் சுழற்சி உண்டு. அதற்காகக் குறைந்த ஆண்டில் ஒரே விளிம்பைத் துடைத்தெடுக்காதீர்கள். நான் ஒன்றோடு நகர்ந்துவிடுவேன். கஞ்சன் என்றாலும் சரி.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தத் தீபாவளிக்கு ஒரு தமிழ்க் கூட்டத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரச் சொன்னார்கள். தம்பியின் பறவையோடு பிறகு நான் சுட்ட இரண்டையும் சேர்த்து மிளகுக் குழம்பு வைத்தேன். ‘காட்டுப் பறவை’ என்று நேர்மையாகச் சீட்டு எழுதியதுதான் நான் செய்த தவறு. பாத்திரத்தை நகர்த்தி நகர்த்திக் காகிதத் தட்டுகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். நெரிசலான கொட்டகையில் ஆறு வாரம் வாழ்ந்த பிராய்லரின் பிரியாணிக்கு வரிசை கதவு வரை நின்றது. ஜீவகாருண்யம் பேசியவரும் அந்த வரிசையில்தான் நின்றார்.

பிறகு எண்ணிக்கை இறங்கிய ஆண்டுகளிலும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று எழும்பினால் நல்ல நாள். நீங்கள், மரம் வெட்டப்பட்ட ஆண்டைக் குறித்த காட்டு வரைபடம் ஒன்றை வாங்கிக்கொண்டு, தண்ணீர் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். மற்றபடி அந்த ஆல்டர் ஓடை எந்தச் சாலையில் இருக்கிறது என்று மட்டும் பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். கிழவரிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். தம்பி கேட்டும் சொல்லவில்லை. அன்று காரில் கண்ணைக் கட்டாத குறையாகத்தான் அழைத்துப்போனோம்.