கரடிக்கு ஸ்பிரே, பபூனுக்குப் பூட்டு: வாசகர் கேள்விகள்

ஜூலை விடுமுறை நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முகாம் சாமான்களைப் பற்றியவை. ஆப்பிரிக்காவில் காட்டுக் கரடியே கிடையாது. இருந்தும் நம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்தில் இத்தனை பேர் கரடி விரட்டும் பொருள் வாங்கி வைத்திருப்பது எனக்கு ஆச்சரியம்தான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: மகன் கனடாவில், கால்கரியில் இருக்கிறான். எல்லோரும் போய் பான்ஃப் பூங்காவில் டென்ட் போட்டுத் தங்குவதாகத் திட்டம். இங்கே ஆன்லைனில் கரடி ஸ்பிரே வருகிறது. வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாமா? (சாட்ஸ்வர்த் வாசகி)

ப: கூடாதம்மா. கைப்பையிலும் கூடாது, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியிலும் கூடாது. அழுத்தம் ஏற்றிய டப்பாவில் மிளகாய்க் காரம், அவ்வளவுதான் அது. விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள், காசும் போய்விடும். கால்கரியில் இறங்கிய பிறகு முகாம் சாமான் கடையில் மகனை வாங்கச் சொல்லுங்கள். அடையாள அட்டை கேட்டால் காட்டவேண்டியிருக்கும். கரடிக்கென்றே விற்கிற டப்பாதானா, 225 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி எப்போது என்று மூன்றையும் பார்த்து வாங்கட்டும். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்ன பெப்பர் ஸ்பிரே இதற்கு உதவாது.

அப்புறம், இதைக் கொசு மருந்து மாதிரி டென்ட் துணியில் அடித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பாய்ந்து வருகிற கரடியின் முகத்துக்கு நேரே புகைமண்டலம் போல அடிக்க வேண்டியது அது. துணியில் காய்ந்துபோன மிச்சத்தின் வாசனைக்கே கரடி மோப்பம் பிடித்து வரும்.

ஸ்பிரே கடைசிக் கட்டத்துக்குத்தான். அதற்கு முன்னால் சாப்பாட்டை ஒளித்து வைக்க வேண்டும். பான்ஃபில் வண்டி போகிற முகாம்களில் சாப்பாடு, ஐஸ் பெட்டி, அடுப்பு, கழுவாத தட்டு, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் வண்டிக்குள்ளோ அங்கே வைத்திருக்கிற இரும்புப் பெட்டியிலோ பூட்டச் சொல்கிறார்கள். வெளியே விட்டால் அபராதம் உண்டு. நீங்கள் கொண்டுபோகிற ஊறுகாய் பாட்டிலும் இந்தக் கணக்கில் சேரும்.

கே: பில்டாங்கை (உப்பு, மசாலா போட்டுக் காயவைத்த இறைச்சி) ஜிப் பையில் போட்டு டென்டுக்குள் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் வாசனை வெளியே வராதுதானே?

ப: வரும்.

கே: கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி பூங்காவில் நடைப்பயணம் போகிறேன். கரடி திறக்க முடியாத உணவு டப்பா கட்டாயம் என்றார்கள். வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் பாதி விலைக்கு ஒன்று ஆர்டர் செய்துவிட்டேன். "100% கரடி புகாதது" என்று எழுதியிருக்கிறது. போதுமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ப: எழுதுவதற்கு என்ன தம்பி, யார் வேண்டுமானாலும் எழுதலாம். எந்தக் கரடியிடம் கொடுத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மாண்டானா மாநிலத்தில், யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் பக்கத்தில், கரடிகளை வளர்க்கும் மையம் ஒன்று இருக்கிறது. டப்பாவுக்குள் தீனியை வைத்து அங்கே உள்ள கிரிஸ்லி கரடிகளிடமே கொடுத்துவிடுவார்கள். கரடி அதைக் கடிக்கும், உருட்டும், முன்காலை ஊன்றி மொத்த எடையோடு குதிக்கும். இப்படி 60 நிமிடம் தாங்குகிற டப்பாவுக்குத்தான் சான்று. யோசெமிட்டியில் அனுமதிக்கிற டப்பாக்களின் பட்டியலைப் பூங்காவே வெளியிடுகிறது. உங்கள் டப்பாவின் பெயரும் மாடலும் அதில் இல்லையென்றால் ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், அதை ஏற்கமாட்டார். மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறேன் என்றாலும் அங்கே செல்லாது, கரடிகள் அந்த வித்தையை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன.

டப்பா கைக்கு வந்துவிட்டதா? இணையத்தில் வாங்கிய பொருளுக்கு நம் நாட்டு மின்வணிகச் சட்டம், அதாவது 2002-இன் 25-ஆம் எண் சட்டம், கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாள் தருகிறது. காரணம் சொல்லாமல் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. கடல் கடந்த விற்பனையாளர் பதில் போடவில்லை என்றால், அட்டையில் கட்டியிருக்கும் பட்சத்தில் வங்கியிடம் முறையிடுங்கள். டப்பாவை யோசெமிட்டியிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பயணத்துக்கு எதற்குச் சொந்த டப்பா?

ஸ்பிரேயும் வாங்கவேண்டாம். கனடாவில் எடுத்துப்போகச் சொல்வார்கள், யோசெமிட்டிக்குள் அதற்கே தடை. வண்டியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்பதும் அங்கே இரவில் நடக்காது. 1998-இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைக் கரடிகள் உடைத்த இடம் அது. கதவின் மேல் விளிம்பில் நகத்தை மாட்டி, சார்டின் டின்னைத் திறக்கிற மாதிரி வளைத்துவிடும்.

கே: டிராக்கன்ஸ்பர்க் மலையில் முகாம் போடுவதற்காக "அல்ட்ராசோனிக் விலங்கு விரட்டி" வாங்கினேன். கரடி, நாய், குரங்கு, எலி எல்லாம் ஓடும் என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. பபூன் என்கிற பெரிய குரங்குக்கும் ஆகுமா என்று கேட்டேன், கடைக்காரர் தலையாட்டினார். முதல் நாள் காலையிலேயே பபூன் கூட்டம் வந்து ரொட்டியையும் முட்டையையும் தூக்கிக்கொண்டு போனது. கருவி பக்கத்திலேயே பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. கடையில் கேட்டால் சுவரில் உள்ள "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" பலகையைக் காட்டுகிறார். (பீனிக்ஸ்)

ப: அந்தப் பலகையைப் பற்றி எழுத ஒரு சாக்கு கிடைக்காதா என்று காத்திருந்தேன்.

பலகையைச் சுவரில் மாட்டிவிட்டால் அது சட்டம் ஆகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-இன் 68-ஆம் எண் சட்டம்) 2011 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 55-ஆம் பிரிவு, எந்த வேலைக்கென்று விற்கிறார்களோ அந்த வேலைக்குப் பொருள் உதவவேண்டும் என்கிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லி, அவரும் ஆமாம் என்று விற்றிருந்தால் உங்கள் பிடி இன்னும் இறுகும். நீங்கள் பபூன் என்று பெயர் சொல்லியே கேட்டிருக்கிறீர்கள். 56-ஆம் பிரிவின்படி, சரியில்லாத பொருளை ஆறு மாதத்துக்குள் கடைக்காரர் செலவிலேயே திருப்பலாம். பழுதுபார்ப்பதா, மாற்றிக் கொடுப்பதா, பணத்தைத் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. "பணம் இல்லை, இங்கேயே வேறு பொருள் வாங்கச் சீட்டுதான் தருவோம்" என்று அவர் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த உரிமையை வாங்குகிறவரிடமிருந்து பறிக்கும் நிபந்தனையை எங்கே அச்சடித்து வைத்தாலும் செல்லாது.

பலகை எதற்குப் பொருந்தும்? நிறம் பிடிக்கவில்லை, மனைவி திட்டினாள், பக்கத்துக் கடையில் மலிவாகப் பார்த்தேன் என்று போய் நின்றால் பொருந்தும். கடைக்குள் போய்ப் பார்த்து வாங்கிய நல்ல பொருளை மனம் மாறித் திருப்ப உங்களுக்கு உரிமை கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிவிடுவதில்தான் வியாபாரிகளின் பிழைப்பு ஓடுகிறது. குழம்பிப்போய் வாயை மூடிக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் நம் ஆட்கள்.

செய்யவேண்டியது இது. வாங்கிய ரசீது ஸ்லிப், பெட்டியின் படம் இரண்டையும் சேர்த்துக் கடைக்கு மின்னஞ்சல் போடுங்கள், 55, 56 பிரிவுகளை எண்ணோடு குறிப்பிடுங்கள். பிரிவு எண்ணைப் பார்த்ததும் பல கடைகளில் குரல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் நுகர்வோர் பொருள் சேவை ஆம்புட் (புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் அதிகாரி) அலுவலகத்துக்கு எழுதுங்கள், அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

சத்தத்தால் விரட்டும் கருவி எதற்கும் இனிமேல் காசு கொடுக்காதீர்கள். பயமுறுத்தும் பொருள்களின் லட்சணம் எனக்குத் தெரியும். வீட்டு மாமரத்தில் குரங்குத் தொல்லை தாங்காமல் கண் உருட்டும் பிளாஸ்டிக் ஆந்தை ஒன்று வாங்கி மாட்டினேன். ஒரு தாய்க்குரங்கு அதன் தோளில் சாய்ந்துகொண்டு குட்டிக்குப் பால் கொடுத்தது. பபூனுக்குப் பூட்டு ஒன்றுதான் மருந்து. சாப்பாட்டை வண்டிக்குள் வைத்து, கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டுங்கள். பூட்டாத கதவைப் பிடி இழுத்துத் திறக்கப் பபூனுக்குத் தெரியும்.

கே: தள்ளுபடியில் 4,000 ரேண்டுக்கு டென்ட் வாங்கினேன். ஸ்லிப் தொலைந்துவிட்டது. வாழைப்பழத்தை உள்ளே வைத்துவிட்டுக் குளிக்கப் போனோம், பபூன் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. துணி தரமில்லை என்று பணம் கேட்கலாமா?

ப: கேட்கலாம். தரமாட்டார்கள், தரவும் கூடாது. டென்ட் துணி மழைக்கும் காற்றுக்கும். உள்ளே பழத்தை வைத்து அழைத்தது நீங்கள். ஸ்லிப்பையாவது வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்திருக்கலாம்.

கே: க்ரூகர் வனவிலங்குப் பூங்காவில் சிறுத்தை, சிங்கம் எல்லாம் வேலிக்கு வெளியே. முகாமுக்குள் எதற்குப் பயப்படவேண்டும்? (லெனேஷியா)

ப: குரங்குக்கும் தேன்வளைக்கரடிக்கும் (ஹனி பேட்ஜர், பெயரில் மட்டும்தான் கரடி). பிராய், அதாவது நெருப்பில் இறைச்சி சுடுவது, முடிந்ததும் எலும்பையும் கொழுப்பு ஒட்டிய கம்பி வலையையும் அப்படியே போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். தேன்வளைக்கரடி குப்பைத் தொட்டியையே கவிழ்த்துவிடும். கொக்கி மட்டும் உள்ள ஐஸ் பெட்டிக்குக் கூடுதலாக ஒரு பட்டையைப் போட்டு இறுக்குங்கள். "விலங்கு திறக்காது" என்ற பெட்டி ஒன்றை நானும் வாங்கினேன். என் பேரனே ஒரு கையால் திறந்துவிட்டான்.

கே: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கோயில் பிள்ளைகளை மலைக்கு முகாம் கூட்டிப்போகிறோம். வீட்டுக்கே வந்த ஒருவர், கரடியையே தடுக்கும் மின்வேலி என்று சொல்லி 6,800 ரேண்டுக்குக் கையெழுத்து வாங்கி, பாதிப் பணத்தையும் முன்பணமாக வாங்கிப் போனார். வேலி இன்னும் வரவில்லை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. வேண்டாம் என்றால் முன்பணம் போய்விடும் என்கிறார். (டோங்காட்)

ப: போகாது, டீச்சர். இன்றே எழுதிவிடுங்கள்.

கூப்பிடாமலே வீட்டு வாசலுக்கு வந்து விற்றதற்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு 5 வேலைநாள் தருகிறது. காரணமே சொல்லவேண்டாம். "ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்" என்று எழுத்தில் தெரிவித்தால் போதும். பொருள் வராத நிலையில், உங்கள் கடிதம் கிடைத்த 15 வேலைநாளுக்குள் அவர் முழுப் பணத்தையும் திருப்பவேண்டும். இந்த உரிமை இருக்கிறது என்று உங்களிடம் சொல்லவேண்டியது அவர் கடமை. ஒரு ஆசிரியையை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கத் தெரிந்தவருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மின்வேலி பொய்யான பொருள் இல்லை. அலாஸ்காவில் கரடிக்காக முகாமைச் சுற்றிப் போடுகிறார்கள். ஆனால் எர்த் கம்பி ஈர மண்ணில் ஆழமாக இறங்கவேண்டும், கம்பியில் புல் படக்கூடாது, பேட்டரியை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஜூலையில் டிராக்கன்ஸ்பர்க் மண் காய்ந்து கிடக்கும். பபூன் மரக்கிளை வழியாகத் தாண்டி வரும். பிள்ளைகள் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது கம்பியில் கால் வைப்பார்கள். உங்களுக்குத் தேவை சாப்பாட்டை வைத்துப் பூட்ட மூடி போட்ட பக்கி (பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வண்டி) ஒன்றும், சாவியைப் பொறுப்பாக வைத்துக்கொள்ளும் ஒரு பெரியவரும்தான்.

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். அவர் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கவேண்டாம், எழுத்தில் பேசச் சொல்லுங்கள். 15 வேலைநாள் கழித்தும் பணம் வராவிட்டால், அந்த ஒப்பந்தத் தாளின் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். ஆம்புட்டுக்கான புகாரைச் சேர்ந்தே எழுதுவோம்.