துணை ஆளுநர் கையில் என்ன இருக்கிறது? அமெரிக்க மாநில அரசியல்: கேள்வி-பதில்

டெக்சஸில் ஆளுநரைவிடத் துணை ஆளுநருக்கே அதிகாரம் என்கிறார்களே, உண்மையா?

சட்டமியற்றும் விஷயத்தில் பெருமளவு உண்மை. (அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர்.) மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான, 31 பேர் கொண்ட செனட்டுக்குத் துணை ஆளுநர்தான் தலைவர். எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போக வேண்டும், குழுவில் யார் யார், அதற்குத் தலைவர் யார் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். அவருக்குப் பிடிக்காத மசோதா குழுவிலேயே முடங்கிவிடும். இத்தனைக்கும் ஆண்டுச் சம்பளம் 7,200 டாலர்தான்.

ஆனால் இந்தப் பலத்தில் பெரும்பகுதி அரசமைப்புச் சட்டம் தந்ததல்ல. சட்டம் தருவது முக்கியமாக அவைத்தலைமையும், வாக்குகள் சமமானால் போடும் ஒரு வாக்கும். குழு நியமனம் செனட்டின் நடைமுறை விதிகளில் வருகிறது. அவற்றை உறுப்பினர்களே நிறைவேற்றுகிறார்கள், அவர்களே மாற்றவும் முடியும். வட கரோலினாவில் 1988 துணை ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜிம் கார்ட்னர் வென்றார். மறு ஆண்டே, ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட செனட் அவரிடமிருந்து குழு நியமன அதிகாரத்தைப் பறித்துக்கொண்டது. ஆகவே ஒரு மாநிலத்தின் துணை ஆளுநரை எடைபோட, அரசமைப்போடு செனட் விதிகளையும் படியுங்கள்.

ஆளுநரும் துணை ஆளுநரும் வெவ்வேறு கட்சியினராக இருக்க முடியுமா?

தனித்தனியாக வாக்களிக்கும் மாநிலங்களில் முடியும். டெக்சஸ், கலிபோர்னியா, வர்ஜீனியா, வட கரோலினா எல்லாம் அப்படித்தான். பென்சில்வேனியாவில் உட்கட்சித் தேர்தல் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு) தனித்தனி; நியூயார்க்கிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. இரண்டு மாநிலங்களிலும் பொதுத்தேர்தலில் இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு.

ஆளுநர் வெளிமாநிலம் போனால் துணை ஆளுநர் உத்தரவு போடலாமா?

சில மாநிலங்களில் போடலாம். வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. ஐடஹோவில் 2021 மே மாதம் ஆளுநர் பிராட் லிட்டில் ஊரில் இல்லாதபோது, துணை ஆளுநர் ஜானிஸ் மெக்கீச்சின் முகக்கவசக் கட்டாயத்துக்குத் தடை விதித்தார். திரும்பிய லிட்டில் அதை ரத்து செய்தார். இருவரும் ஒரே கட்சி, ஆனால் தனித்தனியாக வென்றவர்கள். தொலைபேசியும் இணையமும் உள்ள காலத்தில், எல்லையைத் தாண்டியதுமே அதிகாரம் கைமாறும் இந்த விதியை நீக்கிவிடுவதே நல்லது.

ஆளுநர் பதவி விலகினால்?

துணை ஆளுநர் மீதிக் காலத்துக்கு ஆளுநராவார். நியூயார்க்கில் 2021 ஆகஸ்டில் ஆண்ட்ரூ குவோமோ விலகியதும் கேத்தி ஹோக்குல் வந்தது அப்படித்தான். அதனால் காலியாகும் துணை ஆளுநர் இடத்தை நிரப்பும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் 2009-இல் ஆளுநர் டேவிட் பேட்டர்சன் ரிச்சர்ட் ராவிட்சை நியமித்தது வழக்காகி, மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 4-3 என்ற நூலிழையில்தான் தப்பியது.

இந்தப் பதவியே இல்லாத மாநிலம் உண்டா?

உண்டு. ஓரிகனிலும் வயோமிங்கிலும் மாநிலச் செயலாளர் ஆளுநருக்கு அடுத்த வரிசையில் இருக்கிறார்; மெய்னிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் செனட் தலைவர். அரிசோனா மக்கள் 2022 வாக்கெடுப்பில் இந்தப் பதவியை உருவாக்க ஒப்புக்கொண்டார்கள். 2026 தேர்தல்தான் அதற்கு முதல் தேர்தல்.