ஒன்றுக்குத்தான் இடம்: குளியல் தொட்டியா, ஷவரா?

கேள்வி: குளியலறையைப் புதுப்பிக்கிறோம். தொட்டி, ஷவர் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். மூட்டுவலி உள்ள என் அம்மாவுக்கு (வயது 74) தொட்டி இதமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தண்ணீரும் மின்சாரமும் வீணாகும் என்கிறார் கணவர். எதைப் போடுவது?

பதில்: கணவர் சொல்வது பாதி சரி. ஓர் ஆள் அமிழ்ந்து குளிக்கச் சாதாரணத் தொட்டிக்குச் சுமார் 150 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் 5 நிமிடம் குளித்தால் 50 லிட்டர்தான். ஆனால் கால் மணி நேரம் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றால் அதே 150 லிட்டர் போய்விடும். இப்போது வீட்டில் ஷவர் இருந்தால் அளந்து பாருங்கள். 10 லிட்டர் வாளி 40 விநாடியில் நிரம்பினால், நிமிடத்துக்கு 15 லிட்டர் போகிறது என்று அர்த்தம். சிக்கன வகை ஷவர் தலை நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டரில் வேலையை முடித்துவிடும்.

மின்சாரமும் இதையொட்டித்தான். 150 லிட்டரை 20 டிகிரி சூடாக்கச் சுமார் மூன்றரை யூனிட் ஆகும். 50 லிட்டருக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

சரி, அம்மாவுக்கு வருவோம். நீங்கள் சொல்லும் இதம் உண்மைதான். தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்ளும், சூட்டில் மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் தளரும். ஆனால் தொட்டிக்குள் போக ஈரக் காலோடு முழங்கால் உயர விளிம்பைத் தாண்ட வேண்டும். முடிந்ததும் தரைமட்டத்திலிருந்து எழுந்து, திரும்பவும் தாண்ட வேண்டும். வெந்நீரில் ரத்த நாளங்கள் விரிந்து அழுத்தம் இறங்கியிருக்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மூட்டுக்கு இதம் தேடிப் போய் இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட கதையாகிவிடக் கூடாது.

அதனால் என் வாக்கு ஷவருக்கே. தடுப்புப் படி இல்லாத தரை, உட்கார்ந்து குளிக்க இருக்கை, கையில் எடுத்துப் பிடிக்கும் ஷவர் மூன்றும் இருக்கட்டும். உட்கார்ந்தபடியே முழங்காலில் வெதுவெதுப்பான நீரைப் பாய்ச்சினால் இதத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தூக்கத்துக்கும் தொட்டிதான் வேண்டும் என்றில்லை. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 40 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் 10 நிமிடம் குளித்தால் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று 2019-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அதில் ஷவர் குளியலும் சேர்த்திதான்.

வறண்ட தோல் என்றால் எதில் குளித்தாலும் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். ஈரம் காயும் முன்பே மாய்ஸ்சரைசர் தடவிவிட வேண்டும். வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் தொட்டியை மறந்துவிடுங்கள்.

அப்புறம், பிடிமானக் கம்பி எங்கே வரும் என்பதை டைல்ஸ் ஒட்டும் முன்பே கொத்தனாரிடம் சொல்லுங்கள். ஆள் எடையைத் தாங்கும்படி சுவரை அந்த இடத்தில் பலப்படுத்த வேண்டும். உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடிகளை நம்பாதீர்கள், அவை கழன்று வரும்.