வாட்டர்லூ பல்கலைக்கழகம்: கேள்வி பதில்

கேள்வி: வாட்டர்லூ அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா?

அரசு நிதி பெறும் பொதுப் பல்கலைக்கழகம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 1957இல் 74 பொறியியல் மாணவர்களுடன் தொடங்கியது.

கேள்வி: ‘கோ-ஆப்’ என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் சம்பளத்துடன் வேலை என்று பெரும்பாலும் மாறி மாறி வரும். பொறியியலில் எல்லோருக்கும் கட்டாயம். சிலர் செப்டம்பரில் சேர்ந்து ஜனவரியிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் வேலைகள் வெளியாகும். மாணவர் விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போவார். பிறகு நிறுவனம் மாணவர்களை வரிசைப்படுத்தும், மாணவரும் நிறுவனங்களை வரிசைப்படுத்துவார். இரு பட்டியலையும் வைத்துக் கணினி இணை சேர்க்கும். இவ்வளவும் பாடம் நடக்கும்போதே. காலையில் இடைத்தேர்வு, மதியம் நேர்காணல் என்று அமைந்தால் புலம்பிப் பயனில்லை.

கேள்வி: அப்படியென்றால் வேலை உறுதிதானே?

இல்லை. தேட வழி செய்து தருவார்கள், தேடித் தர மாட்டார்கள். கோ-ஆப் சம்பளத்தை நம்பிக் கட்டணக் கணக்குப் போடாதீர்கள். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்நாட்டவர் கட்டுவதைப்போலப் பல மடங்கு.

கேள்வி: பிளாக்பெரி கைபேசி நிறுவனத்தைத் தொடங்கிய மைக் லசாரிடிஸ் அங்கே படிப்பைப் பாதியில் விட்டவர்தானே? பிறகு பட்டம் எதற்கு?

1984இல் விட்டார், உண்மை. ஆனால் அதே பல்கலைக்கழகத்துக்கு வேந்தராகத் திரும்பி வந்தார். அங்குள்ள குவாண்டம் கணிமை ஆய்வு நிறுவனத்துக்கு அள்ளிக் கொடுத்தார். பட்டம் வீண் என்று நினைப்பவர் செய்கிற காரியமா இது?

கேள்வி: அவர் திறமைசாலி, எங்கிருந்தாலும் வென்றிருப்பார். பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன பங்கு?

பங்கு உண்டு. வாட்டர்லூவில் பொதுவாகக் கண்டுபிடிப்பின் உரிமை கண்டுபிடித்தவருக்கே. எத்தனையோ இடங்களில் அது நிர்வாகத்தின் கைக்குப் போய்விடும். சுற்றிலும் இத்தனை நிறுவனங்கள் முளைத்ததற்கு இந்த விதி ஒரு காரணம் என்பேன். திறமை மட்டும் போதுமென்றால் அவை ஊருக்கு ஊர் முளைத்திருக்க வேண்டுமே? லசாரிடிஸ் விவாதத்தை இத்துடன் நிறுத்துகிறேன்.

கேள்வி: கோ-ஆப்பில் வேலை கட்டாயம் கிடைக்குமா?

மேலே சொன்ன பதிலைப் படியுங்கள். கட்டணக் கணக்கையும் சேர்த்து.

கேள்வி: கணிதம்?

தனிப் புலமே உண்டு, 1967இலிருந்து. கணினி அறிவியலும் அதற்குள்தான்.

கேள்வி: வில்ஃப்ரிட் லாரியே பல்கலைக்கழகம் வாட்டர்லூவின் கல்லூரியா?

இல்லை. அதே ஊரில் இருக்கும் வேறு பல்கலைக்கழகம். விண்ணப்பத்தில் பெயரைச் சரிபாருங்கள்.

கேள்வி: வளாகத்தில் ஆபத்து ஏதாவது?

வசந்தத்தில் முட்டையிட்ட கனடா வாத்துகள். பாதையை மறித்தால் சுற்றிப் போங்கள்.