பதில்: மழையில் முன் கண்ணாடி ஆவி பிடிக்கிறது

வணக்கம் நண்பரே. குன்னூர் ஏற்றத்தில் மழையில் கண்ணாடி ஆவி பிடித்தது, குளிருக்காக ஏசியை அணைத்ததும் இன்னும் மோசமானது என்று எழுதியிருக்கிறீர்கள். அணைத்ததுதான் வினை. நாலு பேரின் மூச்சும் நனைந்த துணியும் வண்டிக்குள் ஈரத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். சில்லிட்ட கண்ணாடியில் அது படியும். ஏசி அந்த ஈரத்தைப் பிரித்து வண்டிக்கு அடியில் சொட்டவிடும்.

கார் படத்துக்குள் வளைந்த அம்பு உள்ள பட்டன் எரிந்தால் அதை அணையுங்கள், வெளிக்காற்று வரட்டும். ஏசி ஓடட்டும்; வெப்பக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புங்கள். ஏசியும் ஹீட்டரும் சேர்ந்து ஓடலாம், எதுவும் கெடாது. காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி ஃபேனைக் கூட்டினால் கீழிருந்து மெல்லத் தெளியும். இதையெல்லாம் ஏற்றம் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் துணி போட்டுத் துடைக்கவே வேண்டாம், தயவுசெய்து.

சென்னைப் புழுக்கத்தில் நேர்மாறு: ஏசியால் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் ஆவி பிடிக்கும். வைப்பரைப் போட்டு, குளிரைக் குறைத்தால் போதும்.

உங்கள் மகள் பின் ஜன்னல் பட்டனை அழுத்துவது பற்றியும் கேட்டிருந்தீர்கள்: சைல்டு லாக் (பின் கதவை உள்ளிருந்து திறக்க முடியாமல் செய்வது) பெரும்பாலான வண்டிகளில் கதவுக்கு மட்டும்தான், ஜன்னலைத் தடுக்காது. ஜன்னலுக்குப் பெரும்பாலும் டிரைவர் கதவில் தனி லாக் பட்டன் இருக்கும். நீங்களே ஏற்றும்போதும் குழந்தையின் கை, தலை வெளியே இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். கை, தலை இடையில் சிக்கினால் எல்லா வண்டியிலும் ஜன்னல் தானாக நின்று இறங்காது.