டிஷ்ஷை வெட்டினால் காசு மிஞ்சுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் வெள்ளவத்தையில் மாடிவீடு ஒன்றில் இருக்கிறோம். டிஷ் டிவிக்கும் பைபர் இன்டர்நெட்டுக்கும் மாதாமாதம் தனித்தனியாகக் கட்டுகிறோம். டிஷ்ஷை வெட்டிவிட்டு எல்லாவற்றையும் ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் காசு மிச்சம் என்கிறான் மகன். மாமிக்கோ பின்னேர நாடகம் இல்லாவிட்டால் பொழுது போகாது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிஷ் பில்லைக் கழித்தவர் டேட்டாவைக் கூட்டிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

டிஷ் டிவியை விடிந்ததிலிருந்து படுக்கும்வரை போட்டு வைத்தாலும் பில் ஒன்றுதான். நம் வீடுகளில் டிவி பாதி நேரம் பேச்சுத் துணைக்குத்தான் ஓடுகிறது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே நாடகத்துக்குக் காது கொடுப்போம், முன் அறையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஸ்ட்ரீமிங்கில் அப்படி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் டேட்டா கரையும். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கின்படி எச்டி படம் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை எடுக்கும், 4கே என்றால் 7 ஜிபி வரை. ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம் எச்டியில் பார்த்தால் 12 ஜிபி. மாதத்துக்கு 360 ஜிபி! உங்கள் பக்கேஜில் மொத்தம் எத்தனை ஜிபி, அதில் பகலுக்கு எவ்வளவு, நள்ளிரவுக்குப் பிறகு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். இரவு டேட்டா நிறையக் கிடக்கும், பகல் டேட்டா மாதம் முடியுமுன்னே தீர்ந்துவிடும். மாமி நாடகம் பார்ப்பது பகலில்தானே?

இதைக் குறைக்க வழி இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் கணக்கின் ‘பிளேபேக்’ அமைப்பில் தரத்தை ‘மீடியம்’ ஆக்கினால் மணித்தியாலத்துக்கு 0.7 ஜிபி அளவில் நிற்கும். அதே 4 மணித்தியாலம் மாதத்துக்கு 84 ஜிபியாகச் சுருங்கும். 32 அங்குல டிவியில் நாடகம் பார்க்க அது தாராளம். யூடியூப்பிலும் தரத்தை 480க்கு இறக்கலாம். ‘அன்லிமிட்டட்’ என்று விற்கும் பக்கேஜுக்கு மாற நினைத்தால் நிபந்தனைகளைக் கடைசி வரிவரை வாசியுங்கள். குறிப்பிட்ட அளவு தாண்டியதும் வேகத்தை இறக்கும் பக்கேஜ்களும் இருக்கின்றன. எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேண்டும். வேகம் அதற்குக் கீழே போனால் படம் மங்கும், இன்னும் இறங்கினால் வட்டம் சுற்றத் தொடங்கும்.

இனி மாமியின் விஷயம். எனக்கு இதுதான் முக்கியம். வீட்டில் அதிக நேரம் டிவி பார்ப்பவர் அவர், அவரைக் கேட்காமல் டிஷ்ஷில் கை வைக்க வேண்டாம். இப்போது அவர் ரிமோட்டில் இலக்கத்தை அழுத்தினால் நாடகம் வந்துவிடுகிறது. செயலியில் அதே நாடகத்துக்கு முகப்புப் படங்களைத் தாண்டி, பெயரைத் தேடி, எந்தத் தொடர், எத்தனையாவது பாகம் என்று கண்டுபிடித்தாக வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அது பெரிய வேலை. அத்தோடு, ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாக விற்கிறார்கள். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் பார்க்கும் செயலியில் அதே நாடகம் கொழும்பில் திறக்காமல் போகலாம். மாமி பார்க்கும் நாடகங்களின் பெயர்களை ஒரு கடதாசியில் எழுதி, ஒவ்வொன்றும் இங்கே எந்தச் செயலியில் வருகிறது என்று மகனையே தேடச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி கிடைக்காவிட்டால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம்.

உள்ளூர் அலைவரிசைகளுக்கு டிஷ்ஷும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். 1982இல் ரூபவாஹினி வந்த பிறகு கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் கூரை கூரையாக ஏறி அன்டனா கட்டியவன் நான். சக்தி, வசந்தம், நேத்ரா எல்லாம் இன்றைக்கும் அன்டனாவில் இலவசமாக வருகின்றன. புது ஸ்மார்ட் டிவியின் பின்னாலும் அந்தத் துளை இருக்கிறது. மொட்டை மாடியில் பழைய அன்டனா நின்றால் புதிது வாங்குமுன் வயர் சேரும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் முதலில் கெடுவது அதுதான். பளபளவென்று இருக்கவேண்டிய செம்பு நுனி கறுத்து, ஓரத்தில் பச்சையாகப் பூத்திருக்கும். அந்த இடத்தை வெட்டி, வயரைப் புதிதாகச் சீவி, புதுக் கனெக்டர் போட்டு, மழைத்தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றினால் படம் தெளிந்துவிடும். ஒரே வயரைப் பிரித்து இரண்டு டிவிக்குக் கொடுத்திருந்தால் சிக்னல் பாதியாகும். அதையும் கவனியுங்கள்.

உங்களுடையது பிரீபெய்ட் டிஷ் என்றால் பரீட்சை சுலபம். ஒரு மாதம் ரீலோட் போடாமல் அன்டனாவையும் ஸ்ட்ரீமிங்கையும் வைத்து ஓட்டிப் பாருங்கள். மாதக் கடைசியில் டேட்டா பில்லும் மாமியின் முகமும் பதில் சொல்லும். சந்தா எடுப்பதானால் ஒரு நேரத்தில் ஒன்று போதும். ஒன்றில் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டு நிறுத்தி, அடுத்ததை எடுங்கள். டொலரில் அறவிடும் சேவை என்றால் இன்னும் யோசியுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியபோது அந்தச் சந்தாக்களும் கூடவே ஏறின.

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு பொக்ஸ் காட்டினார்கள். ஒருமுறை காசு கட்டினால் ஆயிரக்கணக்கான சனல் வாழ்நாள் முழுக்க இலவசமாம். வாங்கலாமா?
— ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் தம்பி. அத்தனை சனலுக்கும் உரிமை வாங்கியவர் அந்த விலைக்கு விற்கமாட்டார். எங்கிருந்தோ திருட்டுத்தனமாக எடுத்து அனுப்பும் சேர்வரை ஒருநாள் மூடிவிட்டால் வாழ்நாளும் அன்றோடு சரி. காசைத் திருப்பிக் கேட்கவும் ஆள் இருக்காது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதில் உங்கள் ஜிமெயில் கணக்கையும் வங்கி அட்டையையும் போடாதீர்கள்.

கேள்வி: தெகிவளையில் போர்டிங்கில் இருந்து படிக்கிறேன். போனில் கிரிக்கெட் பார்க்கும்போது பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விக்கெட் விழுகிறது. இன்டர்நெட் மெதுவா?
— ஒரு மாணவன், தெகிவளை

பதில்: மெதுவாக இருக்கவேண்டும் என்றில்லை. ஸ்ட்ரீமிங் காட்சியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புகிறது. இடையில் நிற்காமல் ஓட, உங்கள் போனும் சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம், சில வேளை அதற்கும் மேலே பிந்தும். வேகமான பக்கேஜுக்கு மாறினாலும் இது முழுதாகப் போகாது. டிஷ்ஷிலும் தாமதம் உண்டு, ஆனால் சில நொடிகள்தான். அன்டனாவில் அதைவிடக் குறைவு. டிஷ்ஷில் தொல்லை மழைதான். பெரிய மழை அந்த அலையை உறிஞ்சிவிட, மட்ச் நடுவில் படம் கட்டம் கட்டமாக உடையும். லாகூரில் நாம் 1996 உலகக் கிண்ணத்தை வென்ற இரவு எங்கள் ஒழுங்கை முழுக்க அன்டனாவில்தான் பார்த்தது, கடைசிப் பந்துக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் எழும்பியது. உள்ளூர் அலைவரிசை காட்டும் மட்ச் என்றால் போர்டிங் அக்காவிடம் கேட்டு முன் அறை டிவியில் பாருங்கள். உங்கள் டேட்டாவும் மிஞ்சும்.